பின்னறைக்குப் போகும் வழி

சைக்கிள் கடைக்காரரின் மனைவிக்கு மார்பில் இருந்த கட்டி உடைந்து புண்ணான வருஷத்தில், அவர்கள் வீட்டு முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையிலிருந்த நடை நீளத் தொடங்கியது. முதல் சில வாரங்கள் யாருக்கும் தெரியவில்லை. நாலு எட்டு வைத்தால் முடிந்துபோகிற நடை அது. ஒரு பக்கம் சமையலறை, எதிர்ப்பக்கம் மகளின் அறை, மேலே துணி உலர்த்தும் கொடி, கடைசியில் பின்னறைக் கதவு. மனைவிக்குக் கொண்டுபோகும் தேநீர் வழியிலேயே ஆறிவிடுகிறது என்பதைத்தான் கணவர் முதலில் கண்டுகொண்டார். டம்ளரைக் குறை சொல்லி, மூடி போட்ட குவளை ஒன்று வாங்கினார். அதிலும் ஆறியது. ஒருநாள் நடுவழியில் கால் வலித்து நின்றபோது, சுவரில் அதுவரை பார்த்தேயிராத ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் தாண்டி இன்னொரு ஜன்னல். குவளையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், சந்து வழியாக வீட்டைச் சுற்றிவந்தார். வெளியிலிருந்து பார்க்க ஒரு மாற்றமும் இல்லை. பின்சுவர் எப்போதும்போல அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உரசிக்கொண்டு நின்றது. ஆக, நீண்டிருப்பது உள்பக்கம் மட்டும்தான் என்று முடிவுசெய்து, தேநீரை மறுபடி சுடவைத்துக்கொண்டு நடந்தார்.

தெருவில் அவர் மனைவியைப் பார்லரக்கா என்பார்கள். தெருமுனையில் இரண்டு நாற்காலி, சுவரை அடைத்த ஒரு கண்ணாடி, சுற்றும்போது முனகும் ஒரு மின்விசிறி, அதுதான் பார்லர். அந்தத் தெருப் பெண்களில் அநேகமாக எல்லாத் தலையும் அக்காவின் கைக்குக் குனிந்து எழுந்த தலைதான். யாருக்கு எந்தக் கவலையில் முடி கொட்டியது, யார் எந்தச் சண்டைக்குப் பிறகு திடீரென்று குட்டையாக வெட்டிக்கொண்டார் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார். நாற்காலி முதுகில் சாய்ந்து வெட்டும்போது இடது மார்பில் ஏதோ உருள்வதை உணர்ந்திருக்கிறார். அடுத்த வாரம் காட்டலாம் என்றிருந்தார். அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் இருந்தது, அதற்கடுத்து மகளுக்கு வேலைக்கான தேர்வு, அதற்கப்புறம் பயம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் நுரையீரலிலும் முதுகெலும்பிலும் குடியேறியிருந்தது. சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். கட்டி கொஞ்ச காலம் அடங்கிக் கிடந்தது. பிறகு மருந்துக்குப் பழகிப்போய், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

வலியை அக்கா பொறுத்துக்கொண்டார். ரத்தத்தைத் துணி வைத்து அடைத்தார். வாடையைத்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சென்ட், பவுடர், எலுமிச்சை எண்ணெய் என்று பார்லரில் இருந்த எல்லாவற்றையும் பூசிப் பார்த்தார். இரண்டு வாடைகளும் பேச்சு வார்த்தை இல்லாத சம்பந்திகளைப்போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒருநாள் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த டியூஷன் டீச்சர், "அக்கா, எங்கயோ எலி செத்துக் கெடக்கு போல, பாருங்க" என்றார். அக்கா துடைப்பத்தை எடுத்து அலமாரிக்கு அடியில், கண்ணாடிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் மூலையில் என்று எல்லா இடத்திலும் தேடினார். "காணோமே டீச்சர்" என்றார். மிச்ச முடியை ஒழுங்காக வெட்டி, கழுத்தைத் துடைத்து அனுப்பினார். மறுநாளிலிருந்து பார்லர் திறக்கவில்லை.

வீட்டில் கட்டு மாற்றுவது கணவரின் பொறுப்பு. கிரீஸிலும் ரப்பரிலும் ஊறிய மூக்கு, அதற்கு எதுவும் உறைக்காது என்று சொல்லிக்கொள்வார். அவர் கடையிலிருந்து வரத் தாமதமான ஒரு சாயங்காலம், மகள் தானே மாற்றுவதாக உட்கார்ந்தாள். கூரியர் அலுவலகக் கவுண்டரில் இருப்பவள். கத்துகிற வாடிக்கையாளர்களை நின்ற இடத்திலிருந்தே சமாளித்து அனுப்புகிறவள். வீட்டில் மட்டும் பாப்பா. பழைய துணி கையோடு வந்ததும் அவளால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். குழாயைத் திறந்துவிட்டிருந்தும் அவள் குமட்டுவது அக்காவுக்குக் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்தவளிடம் அக்கா சிரித்தபடி, "நீ போ பாப்பா, அப்பா வந்து பாத்துக்குவாரு" என்றார். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டார். நடை நீள ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று மகள் சொல்வாள். மழை காரணம் என்றும் சிமெண்ட் சரியில்லை என்றும் சொன்னவர்களும் உண்டு.

கோடை வந்தபோது பின்னறைக்குப் போய்வருவது பஸ் நிறுத்தம் வரை போய்வருவதற்குச் சமமாகியிருந்தது. கணவர் கடையிலிருந்து ஒரு பழைய சைக்கிளைக் கொண்டுவந்து நடையில் விட்டார். முன்னால் கூடை, அதில் மருந்தும் சாப்பாடும். விளக்குப் போட வந்த எலக்ட்ரீஷியன், கொண்டுவந்த வயர் தீர்ந்ததும் திரும்பிப்போய் இன்னொரு சுருள் வாங்கிவந்தார். "உள்ள இவ்வளவு நீளம்னு முதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று குறைபட்டுக்கொண்டாரே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. நடுவில் காற்று நன்றாக வீசும் ஓர் இடம் இருந்தது. அங்கே தெருப்பூனை ஒன்று குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தியது. கூப்பிட்டால் கேட்காது என்பதால் கைபேசியில் பேசிக்கொண்டார்கள். ஒரே வீட்டுக்குள் பேசினாலும் குரல் வெளிநாட்டிலிருந்து வருவதுபோலச் சற்றுப் பிந்தி வந்தது, "சாப்பிட்டியா பாப்பா?" என்பதற்கும் "சாப்பிட்டேன்மா" என்பதற்கும் நடுவில் இருவரும் மூச்சு விடுவது கேட்கும். அக்காவின் தங்கை வெளியூரிலிருந்து பார்க்க வந்தாள். இரண்டாவது ஜன்னல் வரை நடந்தாள், முட்டி வலிக்கிறது என்று பழப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். தெருவிலும் அதே பேச்சுதான். "போய்ப் பாக்கணும்னு நெனைக்காத நாளில்ல. ஆனா அவ்வளவு தூரம் யாரு நடக்கறது?" மகள் தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் நடையில் இறங்குவாள். பூனை இருக்கிற இடம் வரை போய்விடுவாள். அதற்குமேல் போனால் அலுவலகத்துக்கு நேரமாகிவிடும்.

வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருவர் வருவார். மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவார். வாடை இரண்டு நாள் தணிந்து மறுபடி வரும். இந்த வீட்டில் நடக்கிற நேரத்தில் வேறு இரண்டு வீடு பார்த்துவிடலாம் என்று அவர் ஆஸ்பத்திரியில் அலுத்துக்கொண்டபோது, அதைக் காதில் வாங்கியவர் ஒட்டு டாக்டர். நோயை வேரோடு எடுக்கிற அறுவை சிகிச்சைகளை மற்ற டாக்டர்கள் செய்வார்கள். இனி எடுத்துப் பயனில்லை என்று ஆனபிறகு வருகிறவர்களுக்குத்தான் இவர். குடல் அடைத்துப்போனவருக்குச் சாப்பாடு இறங்க ஒரு மாற்றுவழி, தொண்டை இறுகியவருக்கு ஒரு குழாய், இற்றுப்போன தொடையெலும்புக்குள் ஒரு கம்பி. ஆயுளைக் கூட்டித் தருவதாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். குள்ளமான பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நடையை எட்டிப் பார்த்தார். "நடந்துடலாமா?" என்று கேட்டார். "வேண்டாம் டாக்டர், கேரியர்ல உக்காருங்க" என்றார் கணவர். பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பக்கவாட்டில் உட்கார்ந்தார். பூனை இருந்த இடத்தில் மட்டும் கணவர் மணி அடித்தார்.

பின்னறையில் டாக்டர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கட்டைப் பிரித்து, விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, குனிந்து நிதானமாகப் பார்த்தார். அவ்வளவு அருகில் ஒரு முகம் வந்து அக்காவுக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டாக்டரின் முன்நெற்றி முடியைப் பார்த்தார். யாரோ கோணலாக வெட்டியிருந்தார்கள்.

"இத எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

"எடுத்தா சரியாயிடுமா?"

"சரியாகாது. நுரையீரல்ல இருக்கறது அங்கயேதான் இருக்கும், முதுகுல இருக்கறதும் இருக்கும். இந்தப் புண்ணு போகும், வாடை போகும், ரத்தம் நிக்கும். முதுகுலேர்ந்து தோலும் சதையும் திருப்பிக் கொண்டுவந்து மூடுவேன். அது ஒட்டாமயும் போகலாம். மேஜை மேலயே உயிர் போறதுக்கும் வாய்ப்பு இருக்கு. இதெல்லாம் சொல்லாம நான் கத்தியத் தொடமாட்டேன்."

அக்கா கொஞ்ச நேரம் போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். "ஹால்ல உக்காரலாமா?"

"உக்காரலாம்."

"நாலு பேர் வந்தா?"

"நகந்து எடம் குடுங்க" என்றார் டாக்டர்.

திரும்பும்போது கணவர் பூனையைத் தாண்டும்வரை மிதித்தார். பிறகு பின்னால் திரும்பாமலே, "டாக்டர், எங்க கடைக்குத் தேஞ்சுபோன டயரோட வருவாங்க. மாத்தறதுக்கு வேற டயர் இருக்காது. ஒட்டுப் போட்டுக் குடுத்தா வீடு போய்ச் சேர்ந்துடுவாங்க. அந்த மாதிரியா இது?" என்று கேட்டார்.

"அதே மாதிரிதான்."

"அதுக்கு வர்றவங்கள நாங்க திருப்பி அனுப்பறதில்ல" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் இது சுலபமாக நடக்கவில்லை. டாக்டர்கள் கூடிப் பேசும் அறையில் பெரிய டாக்டர் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு நுரையீரலும் நிறைஞ்சிருக்கு. இப்ப இத வெட்டி என்ன ஆகப்போகுது? எவ்வளவு காலத்துக்கு?" என்றார். "எவ்வளவு காலம்னு தெரியாது சார். அந்த வீட்டு நடையில நான் போயிட்டு வந்தேன்" என்றார் ஒட்டு டாக்டர். எப்போதும் வாயே திறக்காத மயக்க மருந்து டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அப்படி ஒரு வீடு தெரியும். அங்க மாடிப்படி. ஏறிக்கிட்டே இருக்கணும். கடைசி வரைக்கும் நாங்க யாரும் மேல போகல." அது யார் வீடு என்று அவர் சொல்லவில்லை. "நான் மயக்கம் குடுக்கறேன்" என்றார். பெரிய டாக்டர் படங்களை உறையில் போட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் கணவர் அக்காவைக் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். கல்யாணமான புதிதில் அப்படி உட்கார்ந்து ஊர் சுற்றியது. அப்போது பிடித்தமாதிரியே இப்போதும் அக்கா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா போங்க" என்றார். "மெதுவாத்தான் போறேன்" என்றார் அவர். முன்னறையில் மகள் நின்றிருந்தாள். அக்கா துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு, "தள்ளி நில்லு பாப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியேறினார்.

மகள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்புத் தூளும் பிரஷும் எடுத்துக்கொண்டு நடையில் இறங்கினாள். சைக்கிளை எடுக்கவில்லை. பூனை இருந்த இடத்துக்கு அப்பால் அவள் போனதே இல்லை. வாளியைக் கை மாற்றி மாற்றிப் பிடித்ததில் பாதித் தண்ணீர் சிந்திப்போனது. வாடை எதிரே வந்தது. ஓரிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, அதையும் கழுவிவிட்டு, மேலே நடந்தாள். பின்னறையில் மெத்தை, கறை படிந்த துணிகள், சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னலைத் திறந்தாள். தரையைத் தேய்த்தாள், சுவரைத் தேய்த்தாள், கட்டில் கால்களைத் தேய்த்தாள், கண்ணாடியைத் துடைத்து நேராகத் திருப்பி மாட்டினாள். அதே நேரத்தில் டாக்டர் கட்டியை விலா எலும்புகளின் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ரத்தம் நினைத்ததைவிட அதிகமாகப் போனது. மயக்க மருந்து டாக்டர் இரண்டு தடவை "கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். இரண்டு தடவையும் எல்லாரும் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு கட்டி முழுசாக வந்தது. முதுகிலிருந்து கொண்டுவந்த தோல் அந்த இடத்தைச் சரியாக மூடியது.

மகள் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பின்னறையிலிருந்து புறப்பட்டாள். நாலு எட்டு வைத்ததும் முன்னறையில் இருந்தாள். மெத்தையோடு திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் சமையலறை, எதிர்ப்பக்கம் அவள் அறை, அவ்வளவுதான் நடை. சைக்கிள் இரண்டு சுவரையும் இடித்துக்கொண்டு குறுக்கே நின்றது. எலக்ட்ரீஷியன் இழுத்த வயர் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இடம் போதாமல் பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, சலித்துக்கொண்டே சமையலறைக்குள் கொண்டுபோனது. அவள் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டு, கட்டிலை இழுத்து முன்னறை ஜன்னலோரம் போட்டாள். அப்பா போன் செய்தார். "முடிஞ்சுதும்மா. மூச்சு விடறா. ஒட்டுப் போட்டாச்சு" என்றார்.

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. விலாவிலிருந்து குழாய்கள் வெகுநாள் தொங்கின. தைத்த தோலில் ஒரு மூலை கறுத்துப்போய், மறுபடி சுரண்டிக் கட்டுப் போடவேண்டியிருந்தது. இடது கை வீங்கிக் கனத்தது. நோயும் டாக்டர் சொன்ன இடங்களில் சொன்னபடியே இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த அன்று அக்கா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, தன் தோளை முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "நீ பாரு" என்றார். மகள் குனிந்து அம்மாவின் கழுத்தில் மூக்கை வைத்தாள். ஆஸ்பத்திரி சோப்பு வாசனைதான். கழுத்தில் வைத்த முகத்தை அவள் எடுக்கவே இல்லை. "அன்னைக்கு ஓடிட்டேன்மா" என்றாள் அங்கிருந்தபடியே.

"உன் மூக்குதான் ஓடுச்சு. நீ திரும்பி வந்தியே" என்றார் அக்கா.

தெருவில் பேச்சுப் பரவியது. நடை சரியாகிவிட்டதாம், வாசலிலிருந்தே அக்காவைப் பார்க்கலாமாம். ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கை முட்டி வலியோடே வந்து ஒரு வாரம் தங்கினாள். வெறுங்கையோடு உட்காரச் சங்கடப்பட்டவர்கள் தலையைக் கொடுத்தார்கள். அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே, எதிரே பின்னறைக் கண்ணாடி மாட்டியிருக்க, முன்னால் முக்காலி போட்டு, வலது கையால் வெட்டினார். இடது கைக்குப் பதிலாக மகள் சீப்பைப் பிடித்துக்கொண்டாள். டியூஷன் டீச்சர் மட்டும் கொஞ்ச நாள் வாசல் வரை வந்து வந்து போனார். பிறகு ஒருநாள் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதார். "அன்னைக்கு நான் தெரியாம சொல்லிட்டேன்க்கா, எலின்னு..."

"எலிதான் டீச்சர்" என்றார் அக்கா கத்தரியை நிறுத்தாமல். "டாக்டரம்மா வந்து பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. ஆடாம உக்காருங்க, காதுக்குப் பக்கத்துல இருக்கேன்." டீச்சர் அழுதுகொண்டே சிரித்ததில் ஒரு பக்கம் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போனார். ஒட்டு டாக்டரும் தையல் பார்க்க வந்தபோது உட்காரவைக்கப்பட்டார். அவருடைய முன்நெற்றி முடியைச் சரிசெய்துவிட்ட பிறகுதான் அக்கா தையலைக் காட்டினார்.

நடை பழைய அளவுக்கு வந்ததோடு நிற்கவில்லை. குளிர்காலம் வந்தபோது அது ஓர் எட்டுக்குச் சுருங்கியிருந்தது. சமையலறை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால், மகள் அடுப்பில் இருக்கும்போதே அம்மாவோடு பேசினாள். பின்னறையிலிருந்து கணவர் தும்மினால் அக்கா இங்கிருந்து கைக்குட்டை நீட்டினார். கடையும்கூட நெருங்கியிருக்கவேண்டும், மதியம் பம்பு அடிக்கும் சத்தத்தைக் கேட்டு, "அவரு இன்னும் சாப்பிடலை" என்பார். அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. நெஞ்சில் நீர் கோத்தபோது டாக்டர் வீட்டுக்கே வந்து, விலாவுக்குள் சிறு குழாய் வைத்து, மகளுக்கு அதைத் திறந்து மூடக் கற்றுக்கொடுத்தார். நீர் இறங்கியதும் அக்கா தூங்கினார். பேச்சு குறைந்தது. கத்தரியை மகள் எடுத்து வைத்தாள். அழகுபடுத்திக்கொள்ள வந்தவர்கள் இப்போது சும்மா உட்கார வந்தார்கள்.

ஒரு மதிய நேரம், வெயில் கட்டில் வரை வந்திருந்தபோது, அக்காவின் மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வரத் தொடங்கியது. கணவர் தலைமாட்டில் இருந்தார். மகள் கட்டிலில் ஏறி அம்மாவோடு படுத்துக்கொண்டாள். முன்னறை கொள்ளாத அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். தங்கை சுவரோரமாக, டீச்சர் கதவருகில், நர்ஸ் பையோடு நின்றபடி, தெருப் பெண்கள் படிக்கட்டில், செருப்பு விடும் இடத்தில், வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமும். யாரும் இடம் மாறி முன்னால் வர முயலவில்லை, தேவைப்படவும் இல்லை. சுவரோரம் இருந்தவள் கையை நீட்டினாள், அக்காவின் கை எட்டியது. படிக்கட்டில் இருந்தவர்கள் நீட்டினார்கள், அவர்களுக்கும் எட்டியது. ஆஸ்பத்திரியில் வேறொருவருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த டாக்டருக்கும் எட்டியது என்று நர்ஸ் பிறகு சொன்னார். கையுறையை மாற்றும் நேரத்தில் இருக்கும். தண்ணீர் கேன் போட வந்தவர் விஷயம் தெரியாமல் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, என்ன கூட்டம் என்று கேட்டார். சொன்னார்கள். போன மாதம்தான் அக்கா அவருக்குக் காதோர முடியைச் சரிசெய்து விட்டிருந்தார். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே நீட்டி, அக்காவின் கையைத் தொட்டார். அது இன்னும் கதகதப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கேனைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.